தீக்குச்சிக் கழுத்து

நேயர்களுக்கு வணக்கம்.

இந்த ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் ஒரு சிப்பாயை நிறுத்தி வைத்துக்கொண்டுதான் பேசுகிறேன். உயரம் 54 மில்லிமீட்டர். என் ஆள்காட்டி விரலில் முக்கால் பங்கு இருப்பான். தலைப்பாகை, கருத்த முகம், கையில் துப்பாக்கி. மேலங்கியின் சிவப்பு பாதி உரிந்துவிட்டது. லண்டனில் வில்லியம் பிரிட்டன் கம்பெனி வார்த்த காரீயப் பொம்மை. அவர்கள் பட்டியலில் 67-ஆம் எண் பெட்டி, 'மதராஸ் நேட்டிவ் இன்ஃபன்ட்ரி'. அதாவது மதராஸ் காலாட்படை, நம் ஊர்க்காரன்.

இங்கிலாந்தில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் எனக்கு அனுப்பிவைத்தார். பஞ்சில் சுற்றி, தகர டப்பாவில் வந்தான். எடுத்துப் பார்த்தால் தலை ஆடுகிறது. கழுத்துக்கும் தலைக்கும் நடுவே ஒரு தீக்குச்சி.

நான் கோயம்புத்தூரில் முப்பது வருடம் வார்ப்படத் தொழில் சொல்லிக்கொடுத்தவன். உடைந்ததைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. குச்சியைப் பிடுங்கிவிட்டு, தலையை உடம்போடு ஒழுங்காகப் பற்றவைத்து, வண்ணமும் பூசிவிடலாமா என்று கேட்டு, பொம்மைச் சிப்பாய்கள் சேர்க்கும் நண்பர்களுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். அமெரிக்காவின் ஒகையோவில் ஒருவர், ஜெர்மனியின் பவேரியாவில் ஒருவர், பாரிஸில் ஒருவர், அப்புறம் அந்தத் தபால்காரர். நாங்கள் யாரும் ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததில்லை. மறுநாள் காலைக்குள் நாலு பேரிடமிருந்தும் பதில். எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: தொடாதே.

பவேரியா நண்பர் சேர்ப்பது தட்டைச் சிப்பாய்கள். நூரெம்பெர்க் நகரில் 18-ஆம் நூற்றாண்டிலேயே ஹில்பெர்ட் குடும்பத்தார் வெள்ளீயத்தில் அவற்றை வார்த்தார்கள். சிலேட்டுக் கல்லில் உருவத்தைக் குழிவாகச் செதுக்குவார்கள். இரண்டு கற்களை ஒன்றோடொன்று பொருத்தி, நடுவில் உலோகத்தை ஊற்றுவார்கள். காசு கனத்தில் ஒரு முழுப் போர்வீரன் வெளியே வருவான். பக்கவாட்டில் பார்த்தால் வெறும் கோடு. அந்த ஊர்ப் பக்கம் குல்ம்பாக் என்ற இடத்தில், மலைமேல் பிளாஸன்பர்க் கோட்டையில், இவற்றுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. சுமார் 3 லட்சம் உருவங்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அங்கே சந்தை கூடும். உலகத்தின் பல மூலைகளிலிருந்து ஆட்கள் வருவார்கள். ஒரு தடவையாவது போக வேண்டும் என்று எனக்கும் ஆசை.

அவர் எழுதியிருந்தார்: "உன் சிப்பாய் கூடு, உள்ளே வெற்றிடம். அதனால்தான் அவனுக்குள் தீக்குச்சி நுழைந்தது. எங்கள் நாட்டு டிரெஸ்டன் நகரில் வார்த்த முழு உலோகச் சிப்பாய்க்கு இந்த வைத்தியம் செய்ய முடியாது." வார்ப்புக்காரனாகிய எனக்கு இது முதலிலேயே தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

சரி, கூடு என்றால் என்ன? 1893-க்கு முன்னால் இங்கிலாந்தில் நல்ல பொம்மைச் சிப்பாய் என்றால் பெரும்பாலும் ஜெர்மனியிலிருந்துதான் வர வேண்டும். டிரெஸ்டனில் ஹைடே கம்பெனி செய்தவை உள்ளே முழுக்க உலோகம். கனம் அதிகம், விலையும் அதிகம். அந்த வருடம் லண்டனில் பிரிட்டன் குடும்பத்து மகன் ஒரு வழி கண்டுபிடித்தார். காரீயம், வெள்ளீயம், ஆன்டிமனி மூன்றையும் உருக்கி அச்சில் ஊற்ற வேண்டும். அச்சின் சுவரைத் தொட்ட உலோகம் உடனே உறைந்து தோல் மாதிரி ஒட்டிக்கொள்ளும். நடுவில் இருப்பது இன்னும் குழம்பாகவே இருக்கும். அந்த நொடியில் அச்சைக் கவிழ்த்து, குழம்பைக் கொப்பரையிலேயே திருப்பி ஊற்றிவிட வேண்டும். ஒரு நொடி முந்தினால் தோல் கிழியும், பிந்தினால் உள்ளே அடைத்துக்கொள்ளும். இதற்குக் கடிகாரம் உதவாது. கைதான் பழக வேண்டும். என் மாணவர்களிடம் நான் சொல்லிச் சொல்லி ஓய்ந்த விஷயம் இது. லண்டனில் யாரோ ஒரு தொழிலாளி நாள் முழுக்க இதைச் செய்திருக்கிறார் என்று நினைக்கும்போது எனக்கு அவரைக் கும்பிடத் தோன்றுகிறது.

உலோகம் மிச்சமானது, விலை இறங்கியது. காலாட்படை என்றால் பெட்டிக்கு 8 பேர், குதிரைப்படை என்றால் 5 பேர், விலை ஒரு ஷில்லிங். வண்ணம் பூசியவர்கள் பெரும்பாலும் பெண்கள். மதராஸைக் கண்ணால் கண்டிராத ஒரு பெண் இவனுக்கு இந்தக் கருத்த முகத்தைத் தீட்டியிருக்கிறாள். கண்ணுக்கு வைத்த புள்ளி கொஞ்சம் தள்ளி விழுந்திருக்கிறது. அவள் பெயர் எங்கேயும் இல்லை. அவள் இருந்தாள் என்பதற்கு என்னிடம் இருப்பது அந்தப் புள்ளி மட்டும்தான். நான் அதன்மேல் புது வண்ணம் பூசினால் அதுவும் போய்விடும்.

ஒகையோ நண்பரிடம் இருப்பவை அமெரிக்காவில் சில்லறைக் கடைகளில் 5 சென்ட்டுக்கு விற்ற பார்க்ளே கம்பெனிச் சிப்பாய்கள். ஆரம்பத்தில் அவற்றின் தலைக்கவசத்தைத் தனியாகத் தகரத்தில் செய்து ஒட்டினார்கள். அது முதல் வாரத்திலேயே கழன்று விழுந்துவிடும். 1942-ல் போருக்கு உலோகம் தேவைப்பட்டதால் உற்பத்தியே நின்றது. கவசம் இல்லாத மொட்டைத் தலைகள் அவரிடம் வரிசையாக நிற்கின்றன. புதுக் கவசம் செய்து விற்பவர்கள் இருந்தும் வாங்க மாட்டேன் என்கிறார்.

தபால்காரர்தான் தீக்குச்சியின் கதையைச் சொன்னார். காரீயச் சிப்பாய் கீழே விழுந்தால் முதலில் போவது கழுத்து. வீட்டில் அப்பாவோ அண்ணனோ ஒரு குச்சியை ஒடித்து, பாதியை உடம்புக்குள்ளும் பாதியைத் தலைக்குள்ளும் செருகிக் கொடுப்பார்கள். பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டு மறுபடி விளையாடப் போய்விடும். விற்க வைப்பவர்களுக்கு இது ஊனம், விலை குறையும். வண்ணமும் பெட்டியும் கெடாத பொருளுக்குத்தான் ஏலத்தில் மதிப்பு. அது யாரும் விளையாடாத பொம்மை என்றுதானே அர்த்தம்? எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை.

என் மருமகள் ஒருநாள் நேராகவே கேட்டாள், "மாமா, இது போரை விளையாட்டாக்குவது இல்லையா?" நியாயமான கேள்வி. அதைத் தள்ளிவிட நான் விரும்பவில்லை. இவற்றை வைத்து விளையாடிய பையன்கள் பலர் 1914-ல் நிஜமாகவே பதுங்குகுழிக்குப் போனார்கள். போர் முடிந்த பிறகு பிரிட்டன் கம்பெனியே பசு, பன்றி, குதிரை வண்டி என்று பண்ணை பொம்மைகள் செய்ய ஆரம்பித்தது. சிப்பாய் மீது மக்களுக்கு அலுத்துப்போயிருந்தது. இன்னொன்றும் அவளுக்குச் சொன்னேன். 1826-ல் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் ஒரு பாதிரியார் தன் மகனுக்கு 12 மரச் சிப்பாய்கள் வாங்கி வந்தார். அக்கா தங்கைகள் ஆளுக்கொன்று எடுத்துப் பெயர் வைத்து, நாடு அமைத்து, அந்த நாட்டுக்குக் குட்டிக் குட்டிப் பத்திரிகைகள் எழுதினார்கள். அந்தக் குழந்தைகள்தான் பின்னாளில் ஆங்கில நாவல்கள் எழுதிப் புகழ்பெற்ற ப்ரான்டே சகோதரிகள். அவள் கேள்விக்கு இது முழுப் பதில் ஆகாது, எனக்குத் தெரியும்.

பாரிஸ் நண்பர் எழுதியது ஒரே வரி: "எந்த அலமாரியில் வைத்திருக்கிறாய்?" மர அலமாரி என்றேன். உடனே எடு என்றார். மரத்திலிருந்தும் அட்டையிலிருந்தும் கசியும் அமில ஆவி காரீயத்தை அரிக்கும். முதலில் சாம்பல் நிறம் பூக்கும், பிறகு வெள்ளைப் பொடியாக உதிரும். உதிர ஆரம்பித்ததைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. கண்ணாடித் தட்டு, இரும்புச் சட்டம், காற்றோட்டம், ஈரமில்லாத இடம் வேண்டும்.

அன்று சாயந்திரமே இடம் மாற்றினேன். பற்றவைக்கும் கோலைத் திரும்ப அதன் பெட்டியில் வைத்துவிட்டேன். பேரன் எப்போதாவது வந்தால் அவன் கையில் இவனைக் கொடுக்க முடியாது, காரீயம் உடம்புக்கு ஆகாது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்பான். பக்கத்துத் தெருவில் லாரி போனால் சிப்பாயின் தலை லேசாக ஆடும். "தாத்தா, அவன் என்னைப் பார்த்து ஆமாம் சொல்றான்" என்பான்.