குழந்தைக்கு முழு மயக்கம் கொடுக்கலாமா?

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு தாயார் கேட்டிருக்கிறார்: "டாக்டர், என் மகனுக்கு 14 மாதம். குடலிறக்கத்துக்கு ஆபரேஷன். முழு மயக்கம் கொடுத்தால் மூளை வளர்ச்சி பாதிக்கும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. தள்ளிப் போடலாமா?"

படித்ததிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை. தள்ளிப் போடாதீர்கள், சகோதரி. இறங்கிய குடல் மாட்டிக்கொண்டால் இரத்த ஓட்டம் நின்றுவிடும். அப்புறம் நள்ளிரவில் அவசர ஆபரேஷன்தான்.

அந்தச் செய்தி எங்கிருந்து வந்தது? குட்டி விலங்குகளுக்கு நீண்ட நேரம் மயக்க மருந்து கொடுத்தபோது மூளைச் செல்கள் பாதிக்கப்பட்டன. அதனால் 2016-இல் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. எச்சரித்தது. எதை? 3 வயதுக்குள், 3 மணி நேரத்துக்கு மேல், அல்லது திரும்பத் திரும்பக் கொடுப்பதை. உங்கள் மகனுக்கு ஒரே ஒரு சிறிய ஆபரேஷன். இதே குடலிறக்க ஆபரேஷனுக்கு வந்த 722 கைக்குழந்தைகளை 7 நாடுகளில் ஆராய்ந்தார்கள். பாதிப் பேருக்கு முழு மயக்கம், மீதிப் பேருக்கு முதுகில் ஊசி போட்டு மரத்துப்போக வைத்தார்கள். முழு மயக்கம் சராசரியாக ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. 5 வயதில் சோதித்தபோது அறிவுத்திறனில் வித்தியாசம் இல்லை.

சரி, ஆபத்தே இல்லையா? இருக்கிறது. அது மூச்சில் இருக்கிறது. நம் பழைய நேயர்களுக்கு நான் என்ன சொல்லப் போகிறேன் என்று இப்போதே தெரிந்திருக்கும்: வெறும் வயிறு! மயக்கத்தில் இருமும் சக்தி அடங்கிவிடும். வயிற்றில் இருப்பது மேலே வந்தால் நேரே நுரையீரலுக்குப் போகும். பினாங்கில் ஒரு பாட்டி, பேரன் பசியில் அழுகிறானே என்று விடியற்காலையில் மைலோ சாக்லேட் பானம் கலக்கிக் கொடுத்துவிட்டார். தாதி கேட்டபோது மருமகள் வாய் திறக்கவில்லை. பாட்டிதான் தயங்கித் தயங்கி என்னிடம் சொன்னார். ஆபரேஷனை மதியத்துக்கு மாற்றினோம். அந்தப் பாட்டிக்குக் கையெடுத்துக் கும்பிட்டேன். மைலோவும் பால்தான், 6 மணி நேர இடைவெளி வேண்டும். தாய்ப்பாலுக்கு 4 மணி நேரம். வெறும் தண்ணீரை எதுவரை கொடுக்கலாம் என்று உங்கள் மருத்துவமனையில் கேளுங்கள்.

நீங்கள் என்னிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, "மயக்க மருத்துவரிடம் நான் எதையெல்லாம் சொல்ல வேண்டும்?" என்பதுதான். கடந்த 2 வாரத்தில் சளி, காய்ச்சல், இருமல் வந்ததா? இரவில் குறட்டை விடுகிறானா? குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனதா? சளி பிடித்திருந்தால் முதல் நாளே போன் செய்யுங்கள். சளியோடு மயக்கம் கொடுத்தால் தொண்டை இறுகி மூச்சு அடைபடலாம். வீட்டில் யாராவது சிகரெட் பிடித்தாலும் அந்த ஆபத்து கூடும். தாத்தா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாலும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.