இனிஷியலுக்கு இடமில்லாத படிவம்

எல்லோருக்கும் வணக்கம். இந்த நூலக வாசகர் வட்டத்தில் பேசக் கூப்பிட்டபோது, "இத்தனை வருஷ வேலையில் உங்களுக்குக் கைகொடுத்த கருவிகளைப் பற்றிப் பேசுங்கள், செல்போன், கணினி, ஆப் எல்லாம் சேர்த்து" என்றார்கள். சரி என்று ஒத்துக்கொண்டேன். வீட்டில் உட்கார்ந்து குறிப்பு எழுத ஆரம்பித்தால், எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஒரு படிவத்தில் வந்து நிற்கிறது. அதனால் கருவிகளைப் பற்றிக் கொஞ்சம் பேசிவிட்டு, படிவத்துக்கு வந்துவிடுகிறேன்.

தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் முடித்து அரசு அலுவலகத்தில் சேர்ந்தவன் நான். முதல் நாள் கையில் கொடுத்தது தன் பதிவேடு. அரசு வேலையில் இருந்தவர்களுக்குத் தெரியும்: வருகிற ஒவ்வொரு தபாலையும் அதில் ஏற்ற வேண்டும், எந்தத் தேதியில் வந்தது, யாரிடமிருந்து, என்ன பொருள், எப்போது யாருக்கு எழுதினோம், எப்படி முடிந்தது, எல்லாம் ஒரே வரிசையில். அதைத் திறந்து விரலை மேலிருந்து கீழே ஓட்டினால், முடியாமல் கிடக்கிற விண்ணப்பம் எது என்று ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். பிற்பாடு வேலைப் பட்டியல் போடும் ஆப்கள் ஏழெட்டுப் பயன்படுத்திப் பார்த்தேன். ஒவ்வொன்றும் நிறம் கேட்டது, முன்னுரிமை கேட்டது, குறிச்சொல் கேட்டது, வேலையை விட அதை அடுக்குவதற்கே நேரம் போனது. இன்று என்னிடம் மிஞ்சியிருப்பது காலண்டர் நினைவூட்டலும், காகிதத்தைப் படமெடுத்து வைக்கும் கேமராவும், தமிழில் பேசினால் எழுதித் தரும் வசதியும்தான். அந்தப் பேச்செழுத்து வசதி, கண் மங்கிய வயதில் எனக்குக் கிடைத்த பெரிய துணை. இந்தப் பேச்சில் பாதியை அப்படித்தான் தயார் செய்தேன்.

ஒரு கருவியைப் பற்றி மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் சொல்கிறேன். நோக்கியா 1100. 2003-இல் வந்தது, உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்றது. தூசி உள்ளே போகாத விசைப்பலகை, ஈரக் கையிலும் வழுக்காத பக்கங்கள், தலையில் ஒரு டார்ச். மின்சாரம் நின்றுபோகும் ஊரில், வயலிலும் சந்தையிலும் வேலை செய்கிற கையை யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். வெள்ள நிவாரணப் பட்டியல் எடுக்கப் போன ஓர் இரவில், அந்த டார்ச் வெளிச்சத்தில்தான் ஒரு தெரு முழுக்கப் பெயர் எழுதினேன். வாங்குபவர் எப்படி இருக்கிறாரோ அப்படியே அவரை ஏற்றுக்கொண்ட போன் அது.

அரசாங்கமும் அப்படிச் செய்து காட்டியிருக்கிறது. ரயில் முன்பதிவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வண்டிக்கு ஒரு கவுண்டர், ஒரு பேரேடு என்று இருந்த காலத்தில் வரிசை மாறி நின்றுவிட்டால் அரை நாள் போச்சு. எண்பதுகளின் நடுவில் டெல்லியில் கணினி முன்பதிவு வந்து, பிறகு மற்ற ஊர்களுக்கும் பரவியபோது, எந்தக் கவுண்டரில் நின்றாலும் எந்த வண்டிக்கும் சீட்டு வாங்கலாம் என்று ஆனது. பேரேட்டைத் தட்டச்சு செய்ததோடு விட்டிருந்தால் இது நடந்திருக்காது, வேலை நடக்கும் முறையையே மாற்றினார்கள். இன்று பட்டா, சிட்டாவை வீட்டிலிருந்தே பார்க்க முடிகிறதே, அதுவும் அந்த வகைதான். ஒரு நகலுக்காகத் தாலுகா ஆபீஸ் வாசலில் காத்துக் கிடந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன், அதனால் இதன் அருமை எனக்குத் தெரியும்.

அப்புறம் தமிழ் எழுத்துரு. 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்இணையம் 99 மாநாடு நடந்து, தமிழ்99 விசைப்பலகை எல்லோருக்கும் பொதுவான தரமாக ஏற்கப்பட்டது. எந்தக் கணினியில் திறந்தாலும் தமிழைத் தமிழாகவே காட்டும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடை 2010-இல் தமிழக அரசு ஏற்றுக்கொண்டது. ஆனால் பல அலுவலகங்களில் அதற்குப் பிறகும் பழைய எழுத்துருவிலேயே தட்டிக்கொண்டிருந்தோம், கை பழகிவிட்டது. விளைவு என்ன தெரியுமா? பழைய பயனாளிகள் பட்டியல் ஒன்றை ஒருமுறை வேறு கணினியில் திறந்தேன். சுமார் 600 பெயர்கள். திரையில் ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை, புள்ளியும் கோடும் அந்நிய எழுத்துமாகக் குவிந்து கிடந்தது. கணினியைப் பொறுத்தவரை அங்கே யாருடைய பெயருமே இல்லை. ஒரு மனுஷனின் பெயரை எப்படிச் சேமிக்கிறோம் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

இப்போது படிவத்துக்கு வருகிறேன்.

எங்கள் தெருவில் ஓர் அம்மா இருக்கிறார், எழுபது வயதைத் தாண்டியவர். கணவர் இறந்த மூன்றாம் மாதம் ஒரு மஞ்சள் பையோடு வந்தார். உள்ளே பிளாஸ்டிக் கவரில் ரப்பர் பேண்டு போட்டு நாலு அட்டைகள். மேசையில் வரிசையாக வைத்தார். ஒன்றில் அப்பாவின் இனிஷியலோடு பெயர். ஒன்றில் கணவரின் இனிஷியல். இன்னொன்றில் பெயருக்குப் பின்னால் கணவர் பெயர் முழுசாக. நாலாவதில் இனிஷியலே இல்லை, ஆங்கில எழுத்துக்கூட்டலும் வேறு. கணவர் கல்யாணமான புதிதில் கணக்குத் தொடங்கி, இவரை வாரிசாகப் போட்டிருக்கிறார், அப்போது இவருக்கு அப்பாவின் இனிஷியல்தான். இப்போது பணம் கேட்டுப் போனால், பெயர் பொருந்தவில்லை, இருவரும் ஒருவரே என்று சான்று வாங்கி வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். மூன்று முறை பஸ் ஏறிப் போய் வந்திருக்கிறார். "தம்பி, நாலும் நான்தான்யா. இதுல எதை மாத்தணும்னு சொல்லு" என்று கேட்டார். அட்டைகளில் இருந்த நாலு படத்திலும் இடது புருவத்துக்கு மேல் அதே மச்சம். முகத்தைப் பார்க்கிற எவருக்கும் சந்தேகம் வராது. திரையில் இரண்டு பெயர்களை வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிட்டால் மட்டும்தான் சந்தேகம் வரும்.

அவர் பெயரில் எந்தத் தப்பும் இல்லை. நம் ஊரில் பெயர் வைக்கும் முறை அப்படி. பிறந்தபோது அப்பாவின் முதல் எழுத்து, கல்யாணத்துக்குப் பிறகு பலருக்குக் கணவரின் முதல் எழுத்து. குடும்பப் பெயர் என்று ஒன்று நமக்குப் பெரும்பாலும் கிடையாது. அது ஏன் இல்லை என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில், பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விட்டுவிடத் தீர்மானம் போட்டார்கள். அதன் பிறகு எத்தனையோ குடும்பங்கள் மனமறிந்து அந்தப் பட்டத்தை வெட்டி எறிந்தன. இன்றைக்கு ஒரு படிவம் அதே இடத்தில் நட்சத்திரக் குறி போட்டு, கடைசிப் பெயர் கட்டாயம் என்கிறது. அந்தக் கட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உண்மையாகவே கோபம் வருகிறது.

பான் அட்டை விண்ணப்பத்தில் கடைசிப் பெயர்தான் கட்டாயம், முதல் பெயரும் நடுப்பெயரும் இருந்தால் போடலாம். இனிஷியலை மட்டும் எழுதக் கூடாது. அதனால் கண்ணன் என்பவர் அப்பா முருகனின் பெயரைக் கடைசிப் பெயராக எழுதுகிறார். அதற்கப்புறம் போகிற இடமெல்லாம் அவர் மிஸ்டர் முருகன். காலமான அப்பாவின் பெயரை ஒரு கவுண்டரில் சத்தமாகக் கூப்பிட, மகன் எழுந்து போகிறார். ஆதாரில் அவர் கண்ணன் எம் என்று இருந்தால், இரண்டையும் இணைக்கும்போது பொருந்தாமல் போக வாய்ப்பு உண்டு. இணைக்கத் தாமதமானதற்கு 2022 ஜூலையிலிருந்து 1000 ரூபாய் கட்டச் சொன்னார்கள். அதே 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்கு வருகை விசா கிடையாது என்றது. பிறகு, பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று தளர்த்தினார்கள். அந்தத் தந்தை பெயர் முதலிலிருந்தே அங்கேதான் அச்சாகியிருந்தது!

இதற்கு வழி இல்லாமல் இல்லை. வாக்காளர் பட்டியலைப் பாருங்கள். பெயர் ஒரு வரி, தந்தை அல்லது கணவர் பெயர் அடுத்த வரி, வீட்டு எண், வயது, பாலினம். இத்தனை கோடிப் பேரின் பட்டியலை அப்படித்தான் அச்சடிக்கிறார்கள். அரசு மென்பொருள் எழுதுகிற பிள்ளைகள் யாராவது இங்கே இருந்தால், நான் கேட்பது இவ்வளவுதான். பெயருக்கு ஒரே கட்டம் வையுங்கள், அவர் எப்படி எழுதுவாரோ அப்படியே அதில் எழுதட்டும். இனிஷியலுக்குத் தனிக் கட்டம், அதன் விரிவுக்கு இன்னொன்று. தமிழ் எழுத்துக்கூட்டலை மூலமாக வையுங்கள், ஏனென்றால் ஆங்கிலத்தில் ழகரத்துக்கு ஒருவர் எல் போடுவார், இன்னொருவர் இசட் எச் போடுவார், இரண்டுமே தப்பில்லை. பொருந்தவில்லை என்றால் உடனே நிராகரிக்காமல், ஒரு அலுவலர் பார்த்து முடிவு செய்ய அந்த விண்ணப்பத்தை நிறுத்தி வையுங்கள். ரேஷன் கடையில் கைரேகை பதியாத கைகளுக்காகக் கருவிழி பார்க்கும் கருவி கொண்டுவந்தார்களே, அந்தக் கரிசனம் பெயருக்கும் வேண்டும்.

அந்த அம்மா விஷயம் எப்படி முடிந்தது என்று சொல்லிவிடுகிறேன். நாலாவது முறை நானும் கூடப் போனேன். அன்றைக்கு இருக்கையில் இருந்த பெண் அலுவலர் எழுந்து வந்து அந்த அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். நாலு அட்டையையும் வாங்கிப் படங்களைப் பார்த்தார், கல்யாணம் எப்போது, அப்பா பெயர் என்ன என்று விசாரித்தார், பழைய கணக்குப் படிவத்திலிருந்த கையெழுத்தோடு ஒப்பிட்டார், ஒரு பக்கத்துக்குக் குறிப்பு எழுதி மேலே அனுப்பினார். இருபது நிமிஷம் ஆகியிருக்கும். அடுத்த வாரம் பணம் வந்துவிட்டது. அந்த இருபது நிமிஷத்துக்கு அவர் திரையில் எந்தக் கட்டமும் இல்லை, அவராக ஒதுக்கிய நேரம் அது.

அதற்குப் பிறகு அட்டைகளைச் சரிசெய்ய ஆரம்பித்தோம். மூன்று முடிந்துவிட்டது, நாலாவதுக்கு அடுத்த மாதம் போகிறோம். உங்களிலும் சிலர் அட்டைகளைக் கொண்டுவந்திருப்பீர்கள், வாசல் அறிவிப்பிலேயே எழுதச் சொல்லியிருந்தேன். திருத்தப் படிவங்கள் என் பையில் இருக்கின்றன. பின்னால் அந்த நாளிதழ் மேசையில் எட்டு மணி வரைக்கும் இருப்பேன், கண்ணாடி எடுத்து வராதவர்கள் முதலில் வாருங்கள்.