கொடியேற்றத்துக்கு முன்பே: ஊர்த் திருவிழாவும் காப்பீடும்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

2022 ஏப்ரல் 27 அதிகாலை. தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேரின் உச்சி உயர் மின்னழுத்தக் கம்பியில் பட்டு 11 பேர் இறந்தார்கள். அதற்கும் முன்னால், 2004 ஜனவரி 23 அன்று, ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் கீற்றுப் பந்தலில் மின்கசிவால் தீப்பிடித்து, மணமகன் உட்பட ஐம்பது பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். கம்பி எவ்வளவு உயரத்தில் போகிறது, கீற்றுக்குப் பக்கத்தில் ஒயர் எப்படிப் போகிறது என்பதெல்லாம் முந்தின நாளே பார்த்துவிடக்கூடியவை. அதனால்தான் இந்தப் பேச்சு.

ஒரு கோயில் கொடை விழா, ஒரு ராத்திரி இன்னிசைக் கச்சேரி, மறுநாள் அன்னதானம் என்று வைத்துக்கொள்வோம். விழாக் கமிட்டியில் "இன்சூரன்ஸ் போட்டாச்சு" என்பார்கள். எந்த இன்சூரன்ஸ் என்று கேட்டால் பெரும்பாலும் குழு விபத்துக் காப்பீடாக இருக்கும். அது பட்டியலில் பெயர் உள்ள தொண்டர்களுக்கு மட்டும்தான். கச்சேரி பார்க்க வந்தவர் மேல் ஸ்பீக்கர் கோபுரம் சாய்ந்தால் அந்தப் பாலிசியிலிருந்து ஒரு ரூபாய் வராது. அதற்கு வேண்டியது பொதுப் பொறுப்புக் காப்பீடு, அதாவது பப்ளிக் லயபிலிட்டி பாலிசி. நம் கவனக்குறைவால் வெளியாளுக்குக் காயமோ சேதமோ ஏற்பட்டு, சட்டப்படி நாம் நஷ்டஈடு கொடுக்க வேண்டி வந்தால் அந்தத் தொகையை அது ஏற்கும். வக்கீல் செலவும் பொதுவாக அதில் சேரும். 1991ஆம் ஆண்டின் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டத்தையும் இதையும் குழப்பிக்கொள்கிறார்கள். அந்தச் சட்டம் ஆபத்தான ரசாயனங்களைக் கையாளும் நிறுவனங்களுக்கானது, திருவிழாவுக்கானதல்ல.

பந்தல் போடும் ஆள் கால் தவறி விழுந்தால் இந்த இரண்டு பாலிசியுமே உதவாமல் போகலாம். அவர் பந்தல்காரரின் கூலியாள். ஆகவே அட்வான்ஸ் கொடுக்கும்போதே பந்தல்காரர், சவுண்ட் சர்வீஸ்காரர், ஜெனரேட்டர்காரர் ஆகியோரிடம் தொழிலாளர் இழப்பீட்டு பாலிசி நகலைக் கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் எடுக்கச் சொல்லுங்கள். அவர் கட்டும் பிரீமியத்தில் பாதியைக் கமிட்டி கொடுத்தாலும் நியாயம்தான் என்பது என் கருத்து.

பாலிசியில் நான்கு இடங்களை நிறுத்திப் படிக்க வேண்டும். முதலில் பெயர். பதிவு செய்யாத கமிட்டி என்றால் தலைவர், செயலாளர், பொருளாளர் பெயர்களும் கோயில் பெயரும் அதில் இருக்கட்டும். அடுத்தது தேதி. விழா நாள் மட்டும் போட்டால் போதாது, கால் நடும் நாளிலிருந்து பந்தல் பிரித்து லாரியில் ஏற்றும் நாள் வரை போட வேண்டும். மூன்றாவது விலக்குகள். வாணவேடிக்கை, ராட்டினம், யானை, மாடு இவையெல்லாம் பல பாலிசிகளில் சேராது. இருந்தால் முன்மொழிவுப் படிவத்திலேயே எழுதிக் கேளுங்கள். மறைத்தால் கிளைம் நிற்காது. கடைசியாக, ஒரு விபத்துக்கு எவ்வளவு, மொத்தக் காலத்துக்கு எவ்வளவு என்ற இரண்டு வரம்புகள். மொத்தம் ஐம்பது லட்சம் என்றாலும் ஒரு விபத்துக்குப் பத்து லட்சம்தான் என்று எழுதியிருக்கலாம்.

பணம் கட்டுவதைத் தள்ளிப் போடாதீர்கள். இன்சூரன்ஸ் சட்டத்தின் 64விபி பிரிவுப்படி பிரீமியம் வராமல் கம்பெனி பொறுப்பேற்க முடியாது. "வரி வசூலாகட்டும், சாயங்காலம் கட்டிக்கலாம்" என்று விட்டால், மத்தியானம் நடப்பது கமிட்டி தலையில்தான்.

மழைக்கு நிகழ்ச்சி நின்றுபோனால் ஈடுகட்டும் பாலிசியும் உண்டு. சின்ன விழாவுக்கு அது கட்டுப்படியாகாது. கச்சேரிக் குழுவோடு போடும் ஒப்பந்தத்திலேயே மாற்றுத் தேதியை எழுதிக்கொள்ளலாம்.

இனி மைதானம். நாற்பது மீட்டருக்கு முப்பது மீட்டர் என்றால் 1200 சதுர மீட்டர். மேடை, ஸ்பீக்கர், தடுப்பு, கடைகள் போக 900 மிஞ்சும் என்று வையுங்கள். சதுர மீட்டருக்கு இரண்டு பேர் கணக்கில் 1800 பேர். நான்கு பேரைத் தாண்டினாலே நெருக்கடி. ஆறு, ஏழு என்று போனால் யாருடைய கால்களும் அவரவர் பேச்சைக் கேட்காது, கூட்டம் மொத்தமாக அலைபாயும். சமதரையில் ஒரு மீட்டர் அகல வழியில் நிமிடத்துக்குச் சுமார் 80 பேர் வெளியேறலாம். ஒன்றரை மீட்டரில் இரண்டு வாசல் இருந்தால் 1800 பேரும் ஏழரை நிமிடத்தில் வெளியே வந்துவிடுவார்கள். ஆனால் தீ ஒரு வாசல் பக்கமே பிடித்தால்? ஆகவே மூன்று வாசல், எதிரெதிர்ப் பக்கங்களில். பைக் நிறுத்தியும் ஐஸ் வண்டி நிறுத்தியும் அடைத்துவிடுவார்கள், வாசலுக்கு ஒரு ஆள் கட்டாயம் வேண்டும்.

தற்காலிகப் பந்தலுக்கென்றே ஐஎஸ் 8758 என்ற இந்தியத் தரவிதி இருக்கிறது. கூரை குறைந்தது 3 மீட்டர் உயரம், சுற்றிலும் 4.5 மீட்டர் காலியிடம், எந்த இடத்திலிருந்தும் 15 மீட்டருக்குள் வெளிவாசல், மின்கம்பிக்குக் கீழே பந்தலே கூடாது. அன்னதான அடுப்பும் சிலிண்டரும் பந்தலை விட்டுத் தள்ளியே இருக்கட்டும்.

ஒயரிங்கைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். சீரியல் செட்டுக்கும் மேடைக்கும் தனித்தனி லைன், ஒவ்வொன்றுக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது மின்கசிவை உணர்ந்ததும் தானே மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச். அதிலுள்ள டெஸ்ட் பட்டனைத் தினமும் மாலை விளக்குப் போடும் முன் அழுத்துங்கள், சுவிட்ச் உடனே கீழே விழுந்து மின்சாரம் நிற்க வேண்டும். ஆனால் பட்டனுக்கு விழுந்துவிட்டது என்று அதோடு நிம்மதியாகிவிட முடியாது. ஜெனரேட்டரில் நியூட்ரலை எர்த்தோடு இணைக்காமல் ஓட்டினால், ஆள் மேல் ஷாக் அடிக்கும்போது கசிவு திரும்பிப் போக வழியில்லாமல் ஆர்சிசிபி விழாமலே இருக்கலாம். எர்த் கம்பி அடித்திருக்கிறதா, நியூட்ரல் அதோடு சேர்ந்திருக்கிறதா என்று லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைப் பார்த்துக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். டேப் சுற்றிய ஜாயின்ட் எதுவும் தரையில் கிடக்கக் கூடாது, இரும்புத் தடுப்பில் ஒயரைச் சுற்றவும் கூடாது. மின்பலகைப் பக்கம் கார்பன் டை ஆக்ஸைடு அணைப்பான் இருக்கட்டும், அங்கே தண்ணீர் வாளி வேண்டாம்.

அந்தக் கையெழுத்துத் தாள், போலீஸ், தீயணைப்பு, மின்வாரிய அனுமதிகள், பந்தல்காரரின் ஒப்பந்தம், வாசல்களையும் ஒயர்களையும் விழாவுக்கு முன் எடுத்த போட்டோக்கள் எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கட்டும். விபத்துக்குப் பின் இழப்பை மதிப்பிடக் காப்பீட்டுக் கம்பெனி அனுப்பும் சர்வேயர் முதலில் கேட்பது இவற்றைத்தான்.

விபத்து நடந்துவிட்டால் முதலில் 108, ஆஸ்பத்திரி. இதில் எந்தக் கணக்கும் பார்க்க வேண்டாம். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, அறுந்த ஒயரையும் சாய்ந்த கம்பத்தையும் எடுப்பதற்கு முன் போட்டோ எடுங்கள். அன்றைக்கே கம்பெனிக்கு எழுத்தில் தகவல் கொடுங்கள். எஃப்ஐஆர் நகல், காயச் சான்று, இறப்பு என்றால் பிரேதப் பரிசோதனை அறிக்கை தேவைப்படும். ஊர்ப் பெரியவர்கள் கூடி, "தப்பு எங்களுதுதான், இவ்வளவு தந்துவிடுகிறோம்" என்று எழுதிக் கொடுப்பது நல்ல மனதில் செய்வதுதான். ஆனால் கம்பெனியின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் பொறுப்பை ஒப்புக்கொள்ளவோ தொகை பேசவோ கூடாது என்பது பாலிசி நிபந்தனை. மீறினால், பாதிக்கப்பட்ட குடும்பத்துக்குப் பெரிய தொகை கிடைக்க இருந்த வழியே அடைபடலாம். உடனடி வைத்திய உதவி செய்யுங்கள், அதையும் அப்போதே கம்பெனிக்குச் சொல்லிவிடுங்கள்.

வழக்கு மாதங்கள் கழித்தும் வரலாம், அதற்குள் கமிட்டி மாறியிருக்கும். வரவுசெலவு நோட்டை ஒப்படைக்கும்போது இந்த ஃபைலையும் புதிய செயலாளரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுங்கள்.

வணக்கம்.