கலப்பை இரும்பில் ஒரு கவசம்

பெரியோர்களே, நண்பர்களே,

ஆஸ்திரேலியாவில் காட்டில் பதுங்கி வழிப்பறி செய்தவர்களை ‘புஷ்ரேஞ்சர்’ என்பார்கள். அவர்களில் அதிகம் பேர்போனவன் நெட் கெல்லி. அவனை நல்லவன் என்று சொல்ல நான் வரவில்லை. 1878 அக்டோபரில் ஸ்டிரிங்கிபார்க் ஓடையருகே அவன் கும்பல் மூன்று போலீஸ்காரர்களைச் சுட்டுக் கொன்றது. அவர்களில் இருவர் பிள்ளைகுட்டிக்காரர்கள்.

என் கேள்வி வேறு. கும்பலின் நான்கு பேர் தலைக்குமாக 8,000 பவுண்டு வரை பரிசு. கண்டதும் சுடலாம் என்று சட்டம். ஒளிய இடம் கொடுத்தால் சிறை. அப்படியும் இருபது மாதம் அவர்கள் பிடிபடவில்லையே, ஏன்?

நிலமும் கடனும்தான் காரணம் என்பேன். பழங்குடிகளிடம் பறித்த மண் அது. அதில் நல்ல புல்வெளி எல்லாம் பெரிய ஆட்டுப்பண்ணைக்காரர்கள் கையில் இருந்தது. மிச்சத்தில் தவணை கட்டித் திணறினார்கள் சின்ன விவசாயிகள். கெல்லி குடும்பமும் அதில் ஒன்று. அப்பா இரண்டு பன்றி திருடியதற்காக அயர்லாந்திலிருந்து நாடு கடத்தப்பட்டவர். சரி, 1879 பிப்ரவரியில் ஜெரில்டெரி வங்கிக்குள் புகுந்த கெல்லி என்ன செய்தான்? பணத்தை எடுத்ததோடு, கடன் பத்திரங்களையும் தேடி எடுத்து எரித்தான். அப்புறம் அவனை யார் காட்டிக்கொடுப்பார்கள்?

குண்டைத் தடுக்கக் கெல்லி போட்டுக்கொண்ட கவசத்தைப் பாருங்கள். கலப்பையில் மண்ணைப் புரட்டும் இரும்புத் தகடுகளைக் காய்ச்சி அடித்தது. சிலவற்றை விவசாயிகளே கொடுத்ததாகச் சொல்வார்கள். எடை ஏறக்குறைய 44 கிலோ. தலைக்கு ஒரு வாளிபோல, கண்ணுக்கு மட்டும் ஒரு கீற்று. கால்களுக்கு ஒன்றுமில்லை.

1880 ஜூன் மாதம் கிளென்ரோவனில் தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டு, போலீஸ் ரயில் கவிழக் காத்திருந்தார்கள். ஊராரைச் சத்திரத்தில் அடைத்து வைத்திருந்தார்கள். அவர்களில் பள்ளி ஆசிரியர் தாமஸ் கர்னோவும் ஒருவர். நயமாகப் பேசி வீட்டுக்குப் போக அனுமதி வாங்கினார். இருட்டில் தண்டவாளத்தோரம் ஓடி, மெழுகுவத்தியை ஏற்றி, முன்னால் சிவப்புத் துணியைப் பிடித்தார். ரயில் நின்றது. இந்தக் கதையில் என் மனத்துக்கு நெருக்கமானவர் அந்த வாத்தியார்தான்.

விடிகிற நேரத்தில் கவசத்தோடு வந்த கெல்லியைக் காலில் சுட்டுப் பிடித்தார்கள். நவம்பர் 11 அன்று மெல்பர்ன் சிறையில் தூக்கிலிட்டார்கள். அவனைத் தூக்கிலிட வேண்டாம் என்று கேட்டு 30,000 பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.