பாஸ்புக் கஞ்சி ஊற்றுமா?

நடுவர் ஐயாவுக்கும் இரண்டு அணிக்கும், பென்னாகரம், பாலக்கோடு, அரூர் என்று பஸ் பிடித்துத் தருமபுரிக்கு வந்து உட்கார்ந்திருக்கும் உங்களுக்கும் வணக்கம். 'ஓய்வுக்காலத்தில் நிம்மதி தருவது பெற்ற பிள்ளைகளா, கட்டுப்பாடாகச் சேர்த்த பணமா?' என்பது தலைப்பு. நான் பணத்தின் பக்கம்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் ஒரு கேள்வி கேட்டுக் கைதட்டலை அள்ளிக்கொண்டு போனார். "காய்ச்சலில் படுத்துக் கிடக்கும்போது பாஸ்புக் வந்து கஞ்சி ஊற்றுமா?" என்றார். ஊற்றாது அண்ணே. அந்தக் கஞ்சிக்கு வருகிறேன். அதற்கு முன்னால் உங்களுக்கு ஒரு கண்டக்டரைக் காட்ட வேண்டும்.

ஒகேனக்கல் தடத்தில் ஒரே பஸ்ஸில் ஓடியவர்கள் ஒரு டிரைவரும் ஒரு கண்டக்டரும். சம்பளத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. 2023இல் இருவரும் ஓய்வு பெற்றார்கள். கொஞ்ச நாள் கழித்து பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் சந்திக்கிறார்கள். டிரைவர் கேட்கிறார்: "தம்பி, ஒரே வண்டியிலதான் ஓடினோம். நான் ராத்திரி வாட்ச்மேன் வேலைக்குப் போறேன், நீ வெள்ளை வேட்டியில டீ குடிக்கிற. எப்பிடிப்பா?"

கண்டக்டர் சொன்னார்: "அண்ணா, நம்ம வண்டியில பென்னாகரத்துல ஏறுறவன் நூறு ரூபாயை நீட்டுவான். என்கிட்ட சில்லறை இருக்காது. டிக்கெட்டு பின்னாடி மீதியை எழுதி, இறங்கும்போது வாங்கிக்கோன்னு குடுப்பேன். பத்திரமா வெச்சிருந்தவன் இறங்கும்போது வாங்கிட்டுப் போவான். டிக்கெட்டைச் சுருட்டிக் காது குடைஞ்சவன் வீட்டுக்குப் போய்த் தலையில கை வெப்பான். நான் இருபது வருஷமா சம்பளத்துல மாசாமாசம் மீதி எழுதி வெச்சேன். இப்ப இறங்கிட்டேன், வாங்கிக்கிறேன்!"

கடைசி வரிசைக்குக் கேட்டதா? இறங்கிட்டேன், வாங்கிக்கிறேன்! டிரைவர் விடவில்லை. "அப்ப என் மீதி எங்கடா?" என்றார். "உங்க மீதியில பாதியைக் கல்யாண மண்டபத்துக்காரன் வாங்கிட்டான். பாதியைச் சின்னவன் பைக்கா ஓட்டிட்டுப் போறான். நீங்க மூணாவது ஸ்டாப்புலயே டிக்கெட்டைக் கிழிச்சுட்டீங்கண்ணா!"

அந்த மனிதர் மீதி எழுதிய விதத்தைக் கேளுங்கள். சம்பளம் வந்ததும் முதலில் சேமிப்பு, அப்புறம்தான் செலவு. தபால் நிலையத்தில் பிபிஎஃப் என்கிற அரசின் நீண்டகாலச் சேமிப்பு, அதோடு பலரிடம் பணம் திரட்டிப் பங்குகளில் போடுகிற மியூச்சுவல் ஃபண்டில் எஸ்ஐபி, அதாவது மாதாமாதம் தவறாமல் 500 ரூபாய். 2008 ஜனவரியில் 21,000ஐத் தொட்ட சென்செக்ஸ் என்கிற மும்பைப் பங்குச்சந்தைக் குறியீட்டு எண், அந்த அக்டோபரிலேயே 9,000க்குக் கீழே விழுந்தது. டிரைவர் அண்ணன் பதறிப்போய், "எடுத்துடு தம்பி, எல்லாம் போச்சு" என்றாராம். இவர் எடுக்கவில்லை, கட்டுவதையும் நிறுத்தவில்லை. விலை விழுந்த மாதங்களில் அதே 500 ரூபாய்க்கு அதிக யூனிட், அதாவது ஃபண்டில் அதிகப் பங்கு வந்தது. 2010 நவம்பரில் சென்செக்ஸ் மறுபடி 21,000. 2020 மார்ச்சில் 26,000க்குக் கீழே போனபோதும் அசையவில்லை. அந்த வருட முடிவில் அது 47,000ஐத் தாண்டியிருந்தது. பங்குச்சந்தையில் கெட்டிக்காரத்தனத்தை விடப் பிடிவாதம்தான் அவருக்குக் கைகொடுத்தது.

ஓய்வு பெற்றதும் கையில் வந்ததில் 20 லட்சத்தைத் தபால் நிலையத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டார். வட்டி 8.2 சதவீதம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை 41,000 ரூபாய் கணக்கில் விழுகிறது. மாதம் 10 சதவீதம் தருகிறோம் என்று வந்தவனை வாசலோடு அனுப்பிவிட்டார். பழைய மியூச்சுவல் ஃபண்டைத் தொடவில்லை. விலைவாசி வருடம் 6 சதவீதம் ஏறினால் 12 வருடத்தில் செலவு இரண்டு மடங்காகிவிடும். 60 வயதில் 20,000 ரூபாயில் ஓடிய வீட்டுக்கு 72 வயதில் 40,000 வேண்டும். அந்த ஃபண்டுப் பணம் அந்த வயதுக்கு.

சரி, கஞ்சிக்கு வருவோம்.

பாஸ்புக் கஞ்சி ஊற்றாது. கஞ்சிக்கு அரிசி வாங்கும். அடுப்புக்கு கேஸ் வாங்கும். டாக்டர் ஃபீஸ் கட்டும். நடுவர் ஐயா, ஓசூரில் ஷிப்ட் வேலை பார்க்கிற மகன் அப்பாவுக்குக் காய்ச்சல் என்று கேட்டதும் ஓடி வருகிறான். அவனுக்கு வீட்டு வாடகை இருக்கிறது, பைக்குக்கு இஎம்ஐ இருக்கிறது, பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ் இருக்கிறது. ஆஸ்பத்திரி பில்லையும் அவன் தலையில் வைத்தால் பாவம், அவன் கஞ்சியை ஊற்றுவானா, கடனுக்கு அலைவானா? அப்பாவிடம் பணம் இருந்தால் மகன் கட்டிலோரம் உட்கார்ந்து நிதானமாக ஊற்றுவான். அண்ணே, நீங்கள் கேட்ட கஞ்சியைப் பிள்ளை ஊற்றுவதற்கே எங்கள் பாஸ்புக் தேவைப்படுகிறது!

இன்னும் ஒன்று. பிள்ளைகள் மட்டும் போதும் என்றால் 2007இல் பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தை நாடாளுமன்றம் எதற்காகக் கொண்டுவந்தது? பெற்ற மகனிடம் சோற்றுக்கு வழி கேட்டுக் கோட்டாட்சியர் அலுவலகப் படியேறி மனுக் கொடுக்கிற நிலைமை இருப்பதால்தானே? அங்கே போய் ஜெயித்து வருகிற அப்பா அன்றைக்கு ராத்திரி நிம்மதியாகத் தூங்குவாரா? தூங்க மாட்டார்.

பிள்ளைகளை நான் குறை சொல்லவில்லை. என் பேச்சே அந்தப் பிள்ளைகளுக்காகத்தான். எனக்குத் தெரிந்த ஓர் அம்மா இருக்கிறார். நல்ல மகன், நல்ல மருமகள், அன்பான வீடு. தினமும் ஒரு பிரஷர் மாத்திரை என்று டாக்டர் சீட்டில் எழுதியிருக்கிறார். மாதக் கடைசியில் அந்த அம்மா மாத்திரையை அரிவாள்மனையில் வைத்து இரண்டாக உடைத்து, ஒரு பாதியைப் போட்டுக்கொண்டு மறு பாதியைப் பழைய அட்டையிலேயே செருகி வைக்கிறார். மகன் கொடுக்க மாட்டான் என்பதால் இல்லை. கேட்டால் கடன் வாங்கியாவது கொடுப்பான் என்று அவருக்குத் தெரியும். அதனாலேயே கேட்க மாட்டார். பெற்ற மனசு ஐயா அது. தன் பிள்ளையிடம் கை நீட்ட அதற்குத் தெரியாது, கொடுத்துத்தான் அதற்குப் பழக்கம்.

அந்த அம்மா பெயரில் மாதம் மூவாயிரம் ரூபாய் வட்டி வந்தால் போதும். மாத்திரை முழுசாக உள்ளே போகும். ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் போகலாமா என்று பேரன் கேட்டால், "வாடா கண்ணு, டிக்கெட்டு பாட்டி எடுக்கறேன்" என்று முன்னால் நடப்பார். மீன் வறுவல் வாங்கிக் கொடுப்பார். பரிசல் ஏற்றி விடுவார். அப்போது அந்த முகத்தைப் பாருங்கள், நடுவர் ஐயா!

இங்கே முன்வரிசையில் எத்தனையோ அம்மாக்கள் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். பின்வரிசையில் வேலைக்குப் போகிற இளைஞர்கள் நிற்கிறார்கள். தம்பிகளே, அடுத்த சம்பளத்தில் 500 ரூபாயை உங்கள் பெயரிலும் 500 ரூபாயை அம்மா பெயரிலும் போட ஆரம்பியுங்கள். நடுவர் ஐயா, மாத்திரையை உடைக்கிற அந்த அம்மாவை நினைத்துத் தீர்ப்பை எங்கள் அணிக்குத் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.