யாருடைய கணக்கை எழுதுகிறோம்?

(வணிகவியல் மாணவர்களிடம் பேசியது. எழுத்துக்கு மாற்றும்போது அங்கங்கே கொஞ்சம் சேர்த்திருக்கிறேன்.)

எல்லாருக்கும் வணக்கம். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் பேச வருகிறவன் பாடு எப்போதும் திண்டாட்டம்தான், கடைசி வரிசையில் இப்போதே இரண்டு தலை சாய்ந்துவிட்டது. பரவாயில்லை, தூங்குகிறவர்களை யாரும் எழுப்ப வேண்டாம்.

'நீ நீயாக இரு, உலகை மாற்று' என்று தலைப்புப் போட்டு அழைப்பிதழ் அனுப்பியிருந்தார்கள். இந்தத் தலைப்பில் நீங்கள் போதும் போதும் என்கிற அளவுக்கு ரீல்ஸ் பார்த்திருப்பீர்கள். அவற்றில் வருகிற கதை பெரும்பாலும் ஒன்றுதான்: ஒருவர் கைநிறையச் சம்பளம் வாங்கினார், மனசு ஒட்டவில்லை, ஒருநாள் எல்லாவற்றையும் உதறிவிட்டுக் கிளம்பினார், இப்போது மலைமேல் நின்று சிரிக்கிறார். இதைப் பார்த்துவிட்டு மறுநாள் காலையில் காஸ்ட் அக்கவுண்டிங் வகுப்பில் உட்காருகிற பிள்ளைக்கு என்ன தோன்றும்? நிஜமான தான் வேறெங்கோ இருப்பது போலவும், இங்கே பற்று வரவு எழுதிக்கொண்டிருப்பது ஒரு டூப்ளிகேட் என்பது போலவும் தோன்றும். ஆடிட்டராகவே காலம் தள்ளிவிட்ட எனக்கு அந்தக் கதைமேல் கொஞ்சம் கோபம் உண்டு. அதனால் இன்றைக்கு ஒரு கணக்கரின் கதையைச் சொல்கிறேன். அவரும் பலவற்றை விட்டவர்தான், ஆனால் கணக்கை மட்டும் விடவே இல்லை.

பெயர் ஜோசப் செல்லதுரை கார்னீலியஸ். 1892 ஜனவரி 4ஆம் தேதி தஞ்சாவூரில் பிறந்தார். வசதியான கிறிஸ்தவக் குடும்பம், அப்பா பொதுப்பணித் துறையில் வேலை பார்த்தவர். மகன் லண்டன் போய்க் கணக்குத் தணிக்கை படித்து, அங்கேயே வேலையும் பார்த்து, முதல் உலகப் போர் முடிந்த பிறகு, 1919இல், அம்மா வரச்சொல்லி எழுதியதால் ஊர் திரும்பினார். பம்பாயில் சொந்தத் தணிக்கை நிறுவனம், வெள்ளைக்காரத் துரை மாதிரியே கோட்டும் சூட்டும் கைத்தடியும். 1927இல் அமெரிக்கா போய் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகம் படித்துவிட்டு, நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். இதுவரைக்கும் இவர் உங்கள் அப்பா அம்மா கும்பிடுகிற மாதிரியான பிள்ளை. கல்யாணத் தரகர் வீட்டு வாசலிலேயே படுத்துக் கிடப்பார்.

நியூயார்க்கில் ஒரு தேவாலயத்தில் இந்தியா ஏன் ஏழையாக இருக்கிறது என்று இவர் ஓர் உரை நிகழ்த்த, அது பத்திரிகையில் செய்தியாக வந்தது. அதைப் படித்தவர் இவருடைய பேராசிரியர் செலிக்மன், பொதுநிதி விஷயத்தில் அன்றைக்கு உலகம் மதித்த ஆள். இதையே ஆய்வாக எடு, அரசாங்கத்தின் வரவு செலவை வைத்தே இந்த வறுமையைப் பார் என்று சொல்லிவிட்டார். சரி, கணக்கருக்குக் கணக்குதானே வேலை. பிரிட்டிஷ் இந்திய அரசின் வருமானம் யாரிடமிருந்து வருகிறது, எதற்குப் போகிறது என்று உட்கார்ந்து பார்த்தார். ராணுவத்துக்கு எவ்வளவு, கடன் வட்டிக்கு எவ்வளவு, பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் மிஞ்சுவது எவ்வளவு. முப்பத்தைந்து வயது தாண்டிய ஒரு மனிதர், அதுவரை முதலாளிகளின் பேரேட்டைத் தணிக்கை செய்தவர், முதல்முறையாகத் தன் நாட்டின் பேரேட்டைத் திறக்கிறார். அவரைத் திருப்பியது எந்தக் கோஷமும் இல்லை, ஒரு வரவு செலவுப் பட்டியல். இந்த இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

அந்த ஆய்வைக் கையில் வைத்துக்கொண்டு இந்தியா வந்தவர், பிரதியை காந்தியிடம் சேர்த்தார். 1929 மே 9 அன்று சபர்மதியில் சந்திப்பு, மதியம் இரண்டரை மணிக்கு. இஸ்திரி குலையாத உடையில், கைத்தடியோடு, கொஞ்சம் முன்னதாகவே கிளம்பி நடந்து வருகிறார். வழியில் மரத்தடியில், சாணி மெழுகிய தரையில் ஒரு கிழவர் உட்கார்ந்து நூற்றுக்கொண்டிருக்கிறார். ராட்டையை இவர் அதுவரை பார்த்ததே இல்லை. இன்னும் நேரம் இருக்கிறதே என்று தடியில் சாய்ந்தபடி வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கிறார். இரண்டரை ஆனதும் கிழவர் இடுப்புக் கடிகாரத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, நீங்கள்தானா என்று விசாரிக்கிறார். அப்போதுதான் இவருக்கு ஆள் யாரென்று விளங்குகிறது. அந்தப் பட்டு உடையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார், யாரோ நாற்காலி கொண்டுவந்தும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ரீல்ஸாக இருந்தால் இங்கே இசை ஏறும். ஆனால் காந்தி அவரிடம் கேட்டது என்ன தெரியுமா? ஞானம் பெறச் சொல்லவில்லை, கிராமங்களில் ஒரு பொருளாதாரக் கணக்கெடுப்பு செய்து தர முடியுமா என்று கேட்டார். இவருக்கோ குஜராத்தி தெரியாது. குஜராத் வித்யாபீடக் கல்லூரி மாணவர்கள் உதவுவார்கள் என்றார் காந்தி.

அப்புறம் நடந்தது கூத்து. வித்யாபீடத்தை நடத்திய காகா காலேல்கர் இவருடைய மேல்நாட்டு உடுப்பைப் பார்த்தார், பாஷையும் தெரியாது என்றதும் சரிப்படாது என்று நினைத்துவிட்டார். இவரும் பம்பாய்க்கு ரயில் ஏறிவிட்டார். காந்தி தலையிட்டுத்தான் திரும்ப அழைத்தார்கள். சூட்டைப் பார்த்துத் தள்ளி வைக்கிறவர்கள் ஆசிரமத்திலும் இருந்தார்கள் என்பதை நினைவில் வையுங்கள். 'இயல்பாக இரு' என்பதற்கும் ஒரு யூனிஃபார்ம் வந்துவிடுகிறது, அதைப் போட்டுக்கொள்ளாதவன் போலி என்று ஆகிவிடுகிறது.

குஜராத்தில் கேடா மாவட்டம், மாதர் தாலுகா. ஐம்பதுக்கும் மேற்பட்ட கிராமங்கள். வீடு வீடாகப் போய், என்ன விளைகிறது, எதில் வருமானம், எவ்வளவு கடன், நிலவரி கட்டின பிறகு வீட்டில் என்ன இருக்கிறது என்று எழுதி எடுத்தார்கள். லண்டனில் கம்பெனிக்குச் செய்த அதே தணிக்கை, இப்போது குடிசைக்கு. ஒரு விவசாயியின் வருமானம் அவன் செலவுக்கே காணாது என்று காகிதத்தில் நிரூபித்துவிட்டால், வரி விதிக்கிற அதிகாரி பதில் சொல்ல வேண்டிய நிலைமை வருகிறது. பசிக்கிறது என்று சொன்னால் பரிதாபப்படுவார்கள், பற்றாக்குறை என்று எழுதிக் காட்டினால் கணக்கைத் திருப்பிப் பார்த்துத்தான் ஆக வேண்டும். குடும்பத்தின் பழைய பெயரான குமரப்பாவை எடுத்துக்கொண்டதும் கிட்டத்தட்ட இந்தக் காலத்தில்தான். ஜே.சி.குமரப்பா என்று நமக்குத் தெரிகிறவர் இவர். பெயர் மாறியது, கதர் வந்தது, கிறிஸ்தவத்தை விடவில்லை. சுதந்திரப் போராட்டத்தில் இந்தியத் திருச்சபை வாய்மூடி இருக்கிறதே என்று பிஷப்புகளோடு கடிதத்தில் சண்டையும் போட்டார்.

1931இல் இன்னொரு வேலை. இந்தியாவின் பொதுக்கடனில் எது நம் கடன் என்று பார்க்கக் காங்கிரஸ் ஒரு குழு போட்டது, இவர் அதன் அமைப்பாளர். உங்களில் ஆடிட்டிங் படிக்கிறவர்கள் கவனியுங்கள். கிழக்கிந்தியக் கம்பெனியிடமிருந்து ஆட்சியை பிரிட்டிஷ் அரசு எடுத்துக்கொண்டதே, அந்தக் கம்பெனிக்காரர்களுக்குக் கொடுத்த ஈட்டுத்தொகை இந்தியாவின் கணக்கில் பற்று. 1857 கிளர்ச்சியை அடக்கிய செலவும் இந்தியாவின் கணக்கில்தான். அதாவது நம்மை விற்ற பணமும் நம் கடன், நம்மை அடித்த தடிக்கு ஆன செலவும் நம் கடன். இப்படிப்பட்ட பதிவுகளை ஒவ்வொன்றாக எடுத்து, இது தப்பான ஆள் பெயரில் எழுதப்பட்டிருக்கிறது என்று சொல்ல ஒரு ஆடிட்டர் வேண்டியிருந்தது.

பீகார் கதையைச் சொல்லாமல் போனால் எனக்குத் தூக்கம் வராது. 1934 ஜனவரியில் பெரிய பூகம்பம். நாடெங்கும் இருந்து நிவாரணப் பணம் வந்து குவிகிறது, ராஜேந்திர பிரசாத் தலைமையில் குழு, நிதி ஆலோசகர் குமரப்பா. தொண்டர் ஒருவரின் சாப்பாட்டுக்கு நாளுக்கு மூன்று அணா என்று வரையறுத்துவிட்டார். காந்தி தன் குழுவோடு பாட்னா வந்தபோது, உங்கள் ஆட்களின் சாப்பாடும் பெட்ரோலும் இந்த நிதியில் எழுத முடியாது, உங்கள் ஏற்பாட்டில் பார்த்துக்கொள்ளுங்கள் என்று காந்தியின் செயலாளர் மகாதேவ் தேசாயிடம் இவர் சொல்லிவிட்டார். அவர் போய் காந்தியிடம் சொல்ல, பீகார் வேலைக்காகத்தானே வந்திருக்கிறேன் என்று காந்தி கேட்க, இவர் காரணத்தை விளக்க, காந்தி ஒப்புக்கொண்டார். பூகம்பத்தில் வீடு இழந்தவனுக்காக வந்த பணம் அது, அதைத் தொட மகாத்மாவுக்கும் வவுச்சர் கிடையாது. இதைச் சொல்லும்போது பல ஆபீஸ்களும் பல கையெழுத்துகளும் என் மனசில் ஓடுகின்றன, அதையெல்லாம் இங்கே சொன்னால் நான் பத்திரமாக வீடு போய்ச் சேர முடியாது.

பிறகு வார்தாவில் மகன்வாடி என்கிற வளாகம். அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தைக் கட்டி நடத்தியது இவர்தான். செக்கு, கையால் செய்கிற காகிதம், தேனீ வளர்ப்பு, பனைவெல்லம், தீட்டாத அரிசி. அங்கேயும் காந்தி மாதிரி உடுத்தவில்லை, வேட்டியும் பைஜாமாவும் கலந்த மாதிரி ஓர் உடையைத் தானே வடிவமைத்துப் போட்டுக்கொண்டார். டிராக்டர் நன்றாக உழும், சாணி போடுமா என்று அவர் கேட்டதாகச் சொல்வார்கள். கேட்டால் பழமைவாதி பேச்சு மாதிரி இருக்கும், ஆனால் எனக்கு அது காஸ்ட் ஷீட்டாக, அதாவது செலவுப் பட்டியலாகத்தான் கேட்கிறது: மாட்டை எடுத்துவிட்டு டிராக்டரைப் போடும்போது டீசலோடு உரத்தின் விலையையும் சேர்த்து எழுதினாயா? 1942க்குப் பிறகு ஜபல்பூர் சிறையில் இருந்து எழுதிய புத்தகத்திலும் இதே புத்திதான். ஓடிக்கொண்டே புதுப்பித்துக்கொள்கிற வளம் ஒன்று, தேங்கிக் கிடந்து எடுக்க எடுக்கத் தீர்ந்துபோகிற வளம் ஒன்று. நிலக்கரியும் பெட்ரோலும் இரண்டாவது வகை. நமக்குத் தெரிந்த பாஷையில் சொன்னால், மூலதனத்தை எடுத்துச் சாப்பிட்டுவிட்டு வருமானம் என்று எழுதாதே. சுற்றுச்சூழல் என்ற சொல்லே புழக்கத்துக்கு வராத 1940களில் இதைச் சொன்னார்.

எல்லாவற்றிலும் அவரோடு நான் ஒத்துப்போகவில்லை. ஆலைகளைப் பற்றி அவர் எழுதியதில் சில இடங்களில் பிடிவாதம் தெரிகிறது, ஒரு தையல் மெஷின் எத்தனை பெண்களுக்குச் சொந்த வருமானம் கொடுத்தது என்று பார்க்கிறோமே. முன்கோபக்காரர் வேறு. சுதந்திரத்துக்கு அப்புறம் காங்கிரஸின் நிலச்சீர்திருத்தக் குழுவுக்குத் தலைவராக இருந்து 1949இல் அறிக்கை கொடுத்தார். அதில் சொன்னதில் பெரும்பகுதி காகிதத்தோடு நின்றுபோனது. பெரிய அணை, பெரிய ஆலை என்று நாடு வேறு பாதையில் போனது. கடைசிக் காலத்தில் மதுரைப் பக்கம் தே.கல்லுப்பட்டியில், காந்தி நிகேதன் ஆசிரமத்தில் தங்கினார். குடிசையில் ஓர் ஏழை விவசாயியின் படத்தை மாட்டியிருந்தார். யாரென்று கேட்டால், காந்தி என் எஜமானர், இவர் என் எஜமானரின் எஜமானர் என்பாராம். 1960 ஜனவரி 30ஆம் தேதி, காந்தியின் நினைவு நாளிலேயே காலமானார். உலகை மாற்றினாரா என்று கேட்டால், அவர் நினைத்தபடி மாற்றவில்லை. அவர் கேட்ட கேள்விகள் மட்டும் இன்னும் பைசலாகாமல் நிற்கின்றன.

சரி, இதற்கும் உங்களுக்கும் என்ன சம்பந்தம்? உங்களில் பாதிப் பேருக்குக் கல்விக்கடன் இருக்கும், வீட்டில் தங்கை படித்துக்கொண்டிருப்பாள், எல்லாவற்றையும் உதறிவிட்டு வார்தாவுக்குப் போ என்று நான் சொன்னால் உங்கள் அம்மா என்னைத் தேடிவந்து உதைப்பார். போகவேண்டாம். ஆடிட்டரிடம் ஆர்ட்டிகிள் பயிற்சிக்குச் சேருங்கள், ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போடுங்கள், சம்பளம் வாங்குங்கள். குமரப்பாவிடம் கவனிக்கவேண்டியது அவர் விட்டுவந்த சூட்டை இல்லை. லண்டனிலும் மாதரிலும் பாட்னாவிலும் அவர் கையில் இருந்தது அதே பேனா, யாருடைய கணக்கை எழுதுகிறோம் என்பது மட்டும்தான் மாறியது. சூட் போட்ட கார்னீலியஸ் பொய், கதர் கட்டிய குமரப்பா நிஜம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்த கார்னீலியஸ் லண்டனில் கற்றுவராமல் இந்த குமரப்பாவுக்குக் கடன் பதிவுகளைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்திருக்காது.

உங்கள் தெருவிலேயே வேலை கிடக்கிறது. மகளிர் சுயஉதவிக் குழுவில் கணக்கு நோட்டு எழுதத் தெரியாமல் யாரையோ நம்பிக் கையெழுத்துப் போடுகிற அக்காக்கள் இருக்கிறார்கள். நுண்கடன் வட்டியை வாரத் தவணையாகச் சொல்லும்போது வருஷத்துக்கு எவ்வளவு ஆகிறது என்று அவர்களுக்குப் போட்டுக் காட்ட உங்களுக்கு அரைமணி நேரம் போதும், நீங்கள் அந்தக் கணக்கை முதலாம் ஆண்டிலேயே படித்துவிட்டீர்கள். குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி என்று கிராமசபை கூடுகிறது, ஊராட்சியின் வரவு செலவு அங்கே வைக்கப்படுகிறது. பெரும்பாலான ஊர்களில் அதை வாசித்து முடிப்பதற்குள் கூட்டம் கலைந்துவிடும், ஏனென்றால் அந்தத் தாளில் இருப்பது என்னவென்று முக்கால்வாசிப் பேருக்குப் புரிவதில்லை. நீங்கள் போய் உட்காருங்கள். தாளைக் கையில் வாங்குங்கள். தெருவிளக்குப் பராமரிப்பு என்று ஒரு தொகை இருந்தால், எந்தத் தெரு, எத்தனை விளக்கு, பில் எங்கே என்று மரியாதையாக, குரலை உயர்த்தாமல் கேளுங்கள். முதல் தடவை தலைவர் முறைப்பார், உங்கள் சித்தப்பாவே பக்கத்தில் வந்து ஏன்டா ஊர்வம்பு என்பார். அடுத்த கூட்டத்தில் பில்லோடு வருவார்கள், அல்லது வராததற்குக் காரணத்தோடு வருவார்கள், இரண்டுமே பதிவுதான்.

கேள்வி கேட்க இன்னும் பத்து நிமிஷம் இருக்கிறதாம். குமரப்பாவைப் பற்றிக் கேளுங்கள், கிராமசபையைப் பற்றிக் கேளுங்கள், டாலி என்கிற கணக்கு மென்பொருளில் சந்தேகம் மட்டும் கேட்காதீர்கள், எனக்கே என் ஆபீஸில் ஒரு பெண் சொல்லிக்கொடுத்துத்தான் வருகிறது.