ஹெப்பாரினும் சரியும் தட்டணுக்களும்

நேயர்களுக்கு வணக்கம்.

ரத்தம் உறையாமல் இருப்பதற்காகப் போடப்படும் ஹெப்பாரின் ஊசியே மிகச் சிலருக்கு ரத்தத்தை உறைய வைத்துவிடுகிறது. இது மருந்தின் அளவு கூடியதால் வரும் கோளாறு அன்று. நோய் எதிர்ப்பு அமைப்பின் வினை. ரத்தம் உறைய உதவும் நுண்ணிய அணுக்களான தட்டணுக்கள் (பிளேட்லெட்) வெளியிடும் ஒரு புரதத்தோடு ஹெப்பாரின் சேர்ந்ததும், அந்தக் கூட்டைப் பகையென்று கருதி உடல் எதிர்ப்பொருள்களை உருவாக்குகிறது. அவற்றால் தூண்டப்பட்ட தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகின்றன, எண்ணிக்கையும் சரிகிறது. இதையே ஹெப்பாரின் தூண்டும் தட்டணுக் குறைவு (HIT) என்கிறோம். தட்டணு குறைந்தால் ரத்தம் கசியும் என்றே கேட்டுப் பழகியிருக்கிறோம். இங்கே அஞ்ச வேண்டியது உறைவுக்குத்தான்.

பெரும்பாலும் ஊசி தொடங்கிய 5 முதல் 10 நாட்களுக்குள் இது தலைகாட்டும். முந்தைய சில வாரங்களுக்குள் ஹெப்பாரின் பெற்றவர்களுக்கு ஒரே நாளிலும் வரலாம். அரிதாக, மருந்தை நிறுத்தி வீடு திரும்பிய பிறகும் வரலாம். முதல் நாள் 3,40,000 ஆக இருந்த தட்டணு எண்ணிக்கை ஏழாம் நாள் 1,60,000 ஆனால், ஆய்வக அறிக்கை அதை இயல்பான அளவென்றே காட்டும். ஆனால் பாதிக்கும் மேல் குறைந்திருக்கிறது. அறிக்கையைத் தனியே பார்க்காமல் முந்தையதோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே என் கணிப்பில் முதல் வேலை.

ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, பேச்சுக் குழறல், ஊசி போட்ட இடத்தில் தோல் சிவந்து தடிப்பது அல்லது கருத்துப்போவது, நரம்பு வழியே மருந்து ஏறிய அரை மணி நேரத்துக்குள் குளிர்நடுக்கமும் காய்ச்சலும் வருவது ஆகியவற்றில் எது தோன்றினாலும் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்; வீட்டில் இருப்பவர் அவசர சிகிச்சைப் பிரிவுக்கே செல்ல வேண்டும்.

ஐயம் வலுவாக இருந்தால், பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் எல்லா வகை ஹெப்பாரினையும் மருத்துவர் நிறுத்துவார். ஊசிக்குழாய் அடைபடாமலிருக்கச் செலுத்தும் சிறிதளவும் இதில் அடங்கும். பலரும் மறந்துவிடுவது இதைத்தான். நிறுத்தினால் மட்டும் போதாது. உறைவைத் தடுக்க அர்கட்ரோபான், ஃபோண்டாபாரினக்ஸ் போன்ற மாற்று மருந்து தேவைப்படும். தட்டணுக்கள் மீளும் முன் வார்ஃபரின் என்னும் உறைவுத் தடுப்பு மாத்திரையைத் தொடங்கினால் தோலும் விரல்களும் அழுகும் அபாயம் உண்டு. இவையெல்லாம் மருத்துவர் எடுக்கும் முடிவுகள். நோயாளி தாமாக எந்த மருந்தையும் நிறுத்திவிடக் கூடாது.

நோய் உறுதியானவர்கள் அதை மருத்துவக் குறிப்பேட்டில் எழுதி வாங்கிக்கொண்டு, டயாலிசிஸுக்கோ இதய அறுவை சிகிச்சைக்கோ செல்லும்போது முதலிலேயே தெரிவிக்க வேண்டும். ஏனெனில் அவ்விடங்களில் ஹெப்பாரின் வழக்கமாகவே பயன்படுகிறது.